ஆஸ்பத்திரியில் "ட்ரயலில் சேருகிறீர்களா?" என்று கேட்டால்: டர்பன் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் அரசு ஆஸ்பத்திரி வார்டுகளில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தேன். கடைசி சில வருடங்கள் ஆய்வுப் பிரிவில். ஓய்வு பெற்ற பிறகும், வெள்ளிக்கிழமை டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் கோயிலை விட்டு வெளியே வந்தால் செருப்பு போடும் இடத்திலேயே யாராவது பிடித்துக்கொள்கிறார்கள். "சிஸ்டர், ஆஸ்பத்திரியில் ஒரு பேப்பர் கொடுத்தார்கள், கொஞ்சம் பாருங்களேன்." பிரித்தால் ஆங்கிலத்தில் பதினெட்டு, இருபது பக்கம். ஆயாவுக்குத் தமிழில் சொன்னால் புரியும், பேரனுக்குத் தமிழ் வராது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரும், ஆனால் இந்த ஊர் ஆஸ்பத்திரி நடைமுறை தெரியாது. இரண்டு தரப்புக்கும் சேர்த்து, என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ட்ரயல் என்றால் என்ன? நம்மை எலியாக்கிப் பார்க்கிறார்களா?

எலியிடம் யாரும் கையெழுத்து வாங்குவதில்லை. உங்களிடம் வாங்குகிறார்கள். மாட்டேன் என்றால் அத்தோடு பேச்சு முடிந்தது.

மருத்துவர்களுக்கே பதில் தெரியாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஆட்களைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு விதமாகச் சிகிச்சை கொடுத்து, யார் தேறுகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதுதான் ட்ரயல். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர், ஸ்கர்வி வந்து ஈறு அழுகிப் படுத்திருந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். இரண்டு பேருக்கு வினிகர், இரண்டு பேருக்குக் கடல் தண்ணீர், இப்படி. ஆரஞ்சும் எலுமிச்சையும் கிடைத்த இருவர்தான் சீக்கிரமே தேறினார்கள். இன்றைக்கும் அடிப்படை அதேதான், பேப்பர்தான் கூடிவிட்டது.

ஒருமுறை கிளினிக் பெஞ்சில் ஓர் ஆயா. மடியில் பழைய ஐஸ்கிரீம் டப்பா, அதற்குள் மாத்திரைப் பொட்டலங்கள். இளம் டாக்டர் ஒருவர் பத்து நிமிடம் விளக்கி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இது என் சர்க்கரையைக் குறைக்குமா, தம்பி?" பேரன் மொழிபெயர்த்தான். "குறையும் என்று நம்புகிறோம்" என்றார் டாக்டர். ஆயா பேனாவுக்குக் கை நீட்டிவிட்டார். நான் நடுவில் புகுந்தேன். சரியான பதில் "தெரியாது, ஆயா" என்பதுதான். தெரிந்திருந்தால் ட்ரயல் எதற்கு?

சிகிச்சை உங்களுக்காக நடப்பது. ட்ரயல் கேள்விக்காக நடப்பது. அதில் உங்களுக்கும் நல்லது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். நான் பார்த்த குழப்பங்களில் முக்கால்வாசி, இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்ததால் வந்தவை.

முதல் கட்டம், மூன்றாம் கட்டம் என்கிறார்களே?

புது மருந்தை முதலில் கொஞ்சம் பேருக்குக் கொடுத்து, உடம்பு தாங்குகிறதா என்று பார்ப்பது முதல் கட்டம். எவ்வளவு கொடுக்க வேண்டும், பலன் ஏதும் தெரிகிறதா என்று பார்ப்பது இரண்டாவது. இப்போதுள்ள சிகிச்சையோடு நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான பேரிடம் ஒப்பிடுவது மூன்றாவது. கடைக்கு வந்த பிறகும் கண்காணிப்பது நான்காவது. "எத்தனையாவது கட்டம்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். எண் சின்னதாக இருந்தால் தெரியாதது அதிகம் என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரியே ஸ்பான்சர் என்று போட்டிருக்கிறது. மருந்துக் கம்பெனி நடத்துவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஸ்பான்சர் என்றதும் நமக்குத் திருவிழா அன்னதானம்தான் ஞாபகம் வரும். இன்னார் குடும்பம் அரிசி மூட்டை கொடுத்தார்கள், பலகையில் பெயர் போட்டாயிற்று. ட்ரயலில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். யார் இந்த ஆய்வுக்குச் சட்டப்படி பொறுப்பு, ஏதாவது ஆனால் யார் சட்டையைப் பிடிக்கலாம், அவர்தான் ஸ்பான்சர். பணம் வேறு எங்கிருந்தோ வரலாம்.

கம்பெனி ஆய்வில் கம்பெனிதான் கேள்வியை எழுதும், மருந்தைத் தரும், கணக்கைப் பார்க்கும். ஆஸ்பத்திரி வெறும் இடம்தான். உங்கள் டாக்டரே வந்து பேசினாலும், அவர் கம்பெனி எழுதிய திட்டத்தைத்தான் நடத்துகிறார். ஆஸ்பத்திரியோ பல்கலைக்கழகமோ ஸ்பான்சராக இருக்கும் ஆய்வில், வார்டில் நின்று பார்த்த டாக்டருக்கு வந்த சந்தேகம்தான் பெரும்பாலும் கேள்வி. பணம் தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலிலிருந்தோ, வெளிநாட்டு அரசிடமிருந்தோ, அறக்கட்டளையிடமிருந்தோ வரும்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்றால், சில கேள்விகளைக் கேட்க எந்தக் கம்பெனிக்கும் அவசியம் வராது. நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. காசநோயும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து வந்தவருக்கு, காசநோய் மருந்து முடியும் வரை எச்.ஐ.வி. மருந்தைத் தள்ளிப் போடலாமா, இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டுமா? 2000களில் வார்டில் எங்களுக்கு இது தினசரிச் சண்டை. இரண்டையும் சேர்த்தால் மாத்திரை அதிகம், பக்கவிளைவு அதிகம் என்று ஒரு கட்சி. காத்திருந்தால் ஆளே இருக்க மாட்டார் என்று இன்னொரு கட்சி. மாத்திரைகள் எல்லாம் ஏற்கெனவே இருந்தவைதான், எப்போது கொடுப்பது என்பது மட்டும்தான் கேள்வி. அதை நிரூபித்து எந்தக் கம்பெனி என்ன விற்கப் போகிறது?

சலீம் அப்துல் கரீம், குவாரைஷா அப்துல் கரீம் தம்பதி நடத்தும் கப்ரிசா ஆய்வு மையம் டர்பனிலேயே 642 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தது. 2008 செப்டம்பரில், ஆய்வு முடிவதற்கு முன்பே, தனியாக இருந்து கணக்குப் பார்க்கும் பாதுகாப்புக் குழு, தள்ளிப் போட்ட பிரிவை நிறுத்தச் சொல்லிவிட்டது. இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டவர்களிடம் சாவு 56 சதவீதம் குறைவு. 2010இல் முடிவு வெளியானது. வார்டுச் சண்டையும் அத்தோடு ஓய்ந்தது.

எல்லா ஆய்வும் மாத்திரை பற்றியது என்றும் நினைக்க வேண்டாம். பர்மிங்காம் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய ஓர் ஆய்வு, தென்னாப்பிரிக்கா, கென்யா, நைஜீரியா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 80 ஆஸ்பத்திரிகளில் நடந்தது. பிரசவம் ஆனதும் தாய்க்கு அடியில் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் பை. வழியும் ரத்தம் அதில் சேரும், எத்தனை மில்லி என்று கோட்டைப் பார்த்தாலே தெரியும். அளவு மீறினால் செய்ய வேண்டிய நான்கைந்து காரியங்களை ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒரே மூச்சில் செய்வார்கள். அவ்வளவுதான். 2023இல் முடிவு வந்தபோது, கடுமையான ரத்தப்போக்கும் அதனால் வரும் அறுவை சிகிச்சையும் சாவும் சேர்ந்து 60 சதவீதம் குறைந்திருந்தன. எங்கள் காலத்தில் துணியைப் பிழிந்து, கண்ணால் பார்த்து, "முந்நூறு இருக்கும்" என்று எழுதுவோம். எத்தனை தடவை குறைத்து எழுதியிருப்போமோ.

அதற்காகக் கம்பெனி என்றாலே திருடன் என்று சொல்லவில்லை. எச்.ஐ.வி. வராமல் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசியைத் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம் பெண்களிடம் சோதித்தது கம்பெனிதான். ஊசி போட்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. வரவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள். அந்த அளவுக்குப் பணம் போட்டு ஒரு புது மருந்தைக் கொண்டுவர ஆஸ்பத்திரியால் முடியாது. யார் எதற்காகக் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டு சேருங்கள் என்றுதான் சொல்கிறேன். முதல் பக்கத்திலேயே ஸ்பான்சர் பெயர் இருக்கும்.

ஆஸ்பத்திரி நடத்துவது என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா?

கூடாது. இந்த நாட்டிலேயே நடந்த கதை. ஜோகன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்துப் புற்றுநோய் மருத்துவர் ஒருவர், மார்பகப் புற்றுநோய்க்கு மிக அதிக அளவு கீமோதெரபி கொடுத்தால் பலன் என்று 1999இல் அமெரிக்காவில் பெரிய மாநாட்டில் அறிவித்தார். அடுத்த ஆண்டு தணிக்கைக்கு வந்தவர்களுக்கு நோயாளிகள் கையெழுத்திட்ட சம்மதப் படிவங்கள் கிடைக்கவில்லை. தகவலைத் திரித்ததை அவரே ஒப்புக்கொண்டார், பல்கலைக்கழகம் அவரை நீக்கியது. நடுவில் எத்தனை பெண்கள் அந்தக் கடும் சிகிச்சையைத் தாங்கினார்களோ.

அதனால்தான் இப்போது பல பூட்டுகள். மனிதர்களிடம் நடக்கும் எந்த ஆய்வையும் பதிவு பெற்ற ஓர் அறநெறிக் குழு முதலில் பார்க்க வேண்டும். டாக்டர்கள் மட்டும் இல்லாமல் சட்டம் தெரிந்தவர், மருத்துவத்துக்கு வெளியே உள்ள பொது ஆட்கள் எல்லாம் அதில் இருப்பார்கள். பதிவாகாத மருந்து என்றாலோ, பழைய மருந்தைப் புது வேலைக்குப் பயன்படுத்துவது என்றாலோ, சாப்ரா அனுமதியும் வேண்டும். 2018இல் பழைய மருந்துக் கட்டுப்பாட்டுக் கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய ஆணையம் இது. அப்புறம் தேசிய ட்ரயல் பதிவேடு. பேப்பரில் டிஓஎச்-27 (DOH-27) என்று தொடங்கும் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

குலுக்கிப் போட்டுப் பிரிப்பார்களாமே? எனக்கு டம்மி மாத்திரை வந்தால்?

ஆமாம், குலுக்கல்தான். துனி என்ற சீட்டாட்டத்தில் சீட்டைக் கலைப்பது மாதிரி, இப்போது கம்ப்யூட்டர் கலைக்கிறது. டாக்டரே தேர்ந்தெடுத்தால், தேறக்கூடிய ஆளாகப் பார்த்துப் புது மருந்தைக் கொடுத்துவிடுவார், தெரிந்து செய்ய வேண்டும் என்றுகூட இல்லை. பல ஆய்வுகளில் யாருக்கு எது போகிறது என்று உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அவசரம் என்றால் உடனே திறந்து பார்க்க வழி வைத்திருப்பார்கள்.

டம்மி என்றால் மருந்தே இல்லாத, பார்க்க அச்சு அசலாக இருக்கும் மாத்திரை. பயப்பட வேண்டிய இடம் எது என்றால், ஏற்கெனவே நல்ல மருந்து இருக்கும் நோய்க்கு வெறும் டம்மி மட்டும் கொடுப்பது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவரை அதை நிறுத்தச் சொல்லி டம்மி கொடுக்க மாட்டார்கள். வழக்கமான மருந்து தொடரும், அதற்கு மேலே புது மருந்தோ டம்மியோ வரும். இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடும் ஆஸ்பத்திரி ஆய்வுகள் பலவற்றில் டம்மியே கிடையாது. "என் இப்போதைய மாத்திரை எதையாவது நிறுத்துவீர்களா?" இந்த ஒரு கேள்வி போதும், விஷயம் வெளியே வந்துவிடும்.

புது மருந்து கிடைக்காதது நஷ்டம் என்றும் சொல்ல முடியாது. "உஹம்போ" என்ற பெரிய எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வில் தென்னாப்பிரிக்காவில் 5,407 பேர் சேர்ந்தார்கள். ஜூலு மொழியில் பயணம் என்று பொருள். 2020இல் பார்த்தால் ஊசி போட்டவர்களில் 129 பேருக்குத் தொற்று, டம்மி போட்டவர்களில் 123 பேருக்கு. ஊசி வேலை செய்யவில்லை, நிறுத்திவிட்டார்கள்.

எனக்குத் தெரியாமல் என்னைச் சேர்த்துவிட முடியுமா?

1996 அரசியலமைப்பின் 12ஆவது பிரிவிலேயே இருக்கிறது: விளக்கம் கேட்டுச் சம்மதம் தராமல் யாரையும் மருத்துவச் சோதனைக்கோ அறிவியல் சோதனைக்கோ உட்படுத்தக் கூடாது. ஆஸ்பத்திரி விதி இல்லை, நாட்டின் அடிப்படைச் சட்டம்.

ஆனால் காகிதத்தில் இருப்பது வேறு, வராந்தாவில் நடப்பது வேறு. நான் வேலை பார்த்த இடங்களில் ஒன்றில், பெயர் வேண்டாம், அறுவை சிகிச்சைக்காக ட்ராலியில் படுத்திருந்த அம்மாவிடம் ஆய்வுப் பேப்பரை நீட்டினார்கள். கண்ணாடி பையில், பை மகளிடம், மகள் வெளியே. "யெஸ், யெஸ்" என்று கையெழுத்துப் போட்டார். பிறகு வார்டில் அவரிடம் கேட்டேன். அறுவைக்குத்தான் கையெழுத்து என்று நினைத்திருந்தார். நான் சொன்ன பிறகு அவரை ஆய்விலிருந்து நீக்கினார்கள், எனக்கும் கொஞ்ச நாள் யாரும் முகம் கொடுக்கவில்லை.

ஆகையால்: படுத்துக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். பேப்பரை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்லுங்கள். மாரடைப்பு, விபத்து மாதிரி சில அவசர ஆய்வுகளில் நேரம் இருக்காது, அதற்குத் தனி விதி உண்டு. மற்ற எதற்கும் நாளைக்கு என்பது நியாயமான பதில்தான்.

பேப்பர் ஆங்கிலத்தில், இல்லாவிட்டால் ஜூலுவில். தமிழில் கேட்கலாமா?

கேளுங்கள். தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழி இல்லை. ஆனால் அரசியலமைப்பின் 6ஆவது பிரிவு, மதிக்கப்பட்டு வளர்க்கப்பட வேண்டிய சமூக மொழிகளின் பட்டியலில் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது எல்லாமும் உண்டு. அதை வைத்துக்கொண்டு நாளைக்கே தமிழில் அச்சடித்துத் தருவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சம்மதம் என்பது புரிந்து தருவது. புரியும் மொழியில் விளக்க வேண்டியது ஆய்வு நடத்துபவர் வேலை. மொழிபெயர்ப்பாளர் வேண்டும், இல்லாவிட்டால் தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவர் வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை.

பேரப்பிள்ளையை மட்டும் மொழிபெயர்க்க விடாதீர்கள். பதினாறு வயதுப் பையன் "ரிஸ்க்" பக்கத்தை இரண்டு வரியில் முடித்துவிடுவான். பாட்டியிடம் மலச்சிக்கல், சிறுநீர் என்றெல்லாம் பேச அவனுக்குக் கூச்சம்.

காசு தருவார்களா? நாம் கட்ட வேண்டுமா?

நீங்கள் ஆய்வு மருந்துக்கோ ஆய்வுக்கான பரிசோதனைக்கோ ஒரு ராண்ட்கூடக் கட்டக் கூடாது. கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தனியார் ஆஸ்பத்திரி என்றால், ஆய்வுக்காக எடுக்கும் ஸ்கேனை உங்கள் மெடிக்கல் எய்டில், அதாவது மருத்துவக் காப்பீட்டில், ஏற்றிவிடுவார்களா என்பதையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர்கள் தருவது சம்பளம் இல்லை. நேரம், சிரமம், செலவு என்ற மூன்றையும் கணக்குப் பார்த்து ஒரு தொகை. டாக்ஸிக் காசு, அரைநாள் வேலை போனது, ஊசி குத்திய தொல்லை. ஆபத்துக்கு விலை பேசக் கூடாது என்பதால்தான் அறநெறிக் குழு அந்தத் தொகையையும் பார்க்கிறது.

பணத்தைவிடப் பெரிய தூண்டில் ஒன்று இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் விடியற்காலை நாலரைக்குப் போய் கார்டு போட்டு மத்தியானம் வரை உட்காருபவருக்கு, ஆய்வுக் கிளினிக் சொர்க்கம். பெயர் சொல்லிக் கூப்பிடும் நர்ஸ், டீ, அன்றைக்கே ரிசல்ட். இதற்காகவே சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஆய்வு முடிந்ததும் பழைய பெஞ்சுக்குத்தான் திரும்ப வேண்டும், முடிந்த பிறகு அந்த மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்பதை முதல் நாளே கேளுங்கள்.

பாகற்காய்ச் சாறு, வெந்தயம், விரதம் இதெல்லாம் சொல்ல வேண்டுமா?

இதைத்தான் யாரும் சொல்வதில்லை, இதுதான் அதிகம் தொல்லை தருகிறது. டாக்டர் "வேறு மருந்து ஏதாவது?" என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டுவார்கள். பாகற்காய்ச் சாறு அவர்களுக்கு மருந்து இல்லை, காலைப் பழக்கம். அது சர்க்கரையை இறக்கக்கூடியது, புது மாத்திரையும் இறக்கினால் மயக்கம் போட்டு விழ வேண்டியதுதான். வெந்தயத் தண்ணீர், கடையில் வாங்கும் சின்னப் பாட்டில் டச்சு வீட்டு வைத்திய மருந்து, இந்தியாவிலிருந்து மாமா கொண்டுவந்த லேகியம், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். திட்ட மாட்டார்கள். திட்டினால் அது அவர்கள் தப்பு.

காவடிக்கு விரதம் எடுப்பவர்கள் பத்து நாள் ஒருவேளைச் சாப்பாடு, சிலர் பாலும் பழமும் மட்டும். சர்க்கரை மாத்திரையோடு இது ஆபத்து, ஆய்வு மாத்திரையோடு இன்னும் தெரியாத ஆபத்து. தைப்பூசம், சித்திரைக் காவடி, புரட்டாசி, ஆடிக் கூழ் எல்லாவற்றின் தேதியையும் முன்கூட்டியே ஆய்வு நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள். கிளினிக் நாளை மாற்றிக் கொடுப்பார்கள். விரத நாளில் எடுத்த ரத்தத்தின் எண்ணை வழக்கமான எண் என்று எழுதிவிட்டால் உங்களுக்கும் கெடுதல், ஆய்வுக்கும் கெடுதல்.

கேப்சூலில் மாட்டு ஜெலட்டின் இருக்குமா?

இருக்கலாம். கடினக் கேப்சூல் கூடு பெரும்பாலும் மாடு அல்லது பன்றி ஜெலட்டினில் செய்வது. செடியிலிருந்து எடுத்த பொருளில் செய்வதும் உண்டு. டம்மிக்கும் அதே கூடுதான், ஆகவே டம்மி பிரிவில் விழுந்தால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஆய்வு மருந்தாளரிடம் கேட்டால் பார்த்துச் சொல்வார். நான் ஒருமுறை கேட்டபோது முதலில் சிரித்தார்கள். மறுவாரம் முஸ்லிம் நோயாளி ஒருவரும் கேட்டார், சிரிப்பு நின்றது. கேப்சூலைத் திறந்து பொடியை மட்டும் தேனில் கலந்து சாப்பிடும் வேலை மட்டும் வேண்டாம். வயிற்றில் மெதுவாகக் கரைய வேண்டிய மருந்தாக இருந்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

எவ்வளவு ரத்தம் எடுப்பார்கள்? அது எங்கே போகிறது?

ஒரு குழாய்க்கு ஒரு டீஸ்பூன், அதாவது ஐந்து மில்லி அளவு. மூடியின் நிறம் பார்த்தால் எதற்கு என்று தெரியும்: சாம்பல் மூடி சர்க்கரைக்கு, ஊதா மூடி ரத்த அணுக்களுக்கு. நாலைந்து குழாய் வரிசையாக வைத்தால் பார்க்கப் பயமாகத்தான் இருக்கும், உடம்பில் ஐந்து லிட்டர் இருக்கிறது. எங்கே போகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பரிசோதித்து அழித்துவிடுவார்களா, ஃப்ரீசரில் வருடக்கணக்கில் வைப்பார்களா, மரபணு பார்ப்பார்களா, வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா? அனுப்ப அரசு அனுமதி வேண்டும். சேமித்து வைப்பதற்கும் மரபணுவுக்கும் தனித்தனியாக "ஆம், இல்லை" கட்டம் இருக்கும். ஆய்வில் சேர்ந்துகொண்டே அந்தக் கட்டத்தில் இல்லை என்று போடலாம்.

ட்ரயலுக்குப் போகிறாள் என்றால் எச்.ஐ.வி.யா என்று பேசுவார்களே?

பேசுவார்கள். இந்த மாகாணத்தில் அத்தனை எச்.ஐ.வி. ஆய்வு நடந்திருக்கிறது, அதனால் வந்த பெயர். ஆஸ்துமா ஆய்வுக்குப் போன பெண்ணையும் அப்படித்தான் பேசினார்கள். பெயர் எழுதிய வண்டியை வீட்டு வாசலுக்கு அனுப்ப வேண்டாம், வீட்டு நம்பருக்கு போன் செய்ய வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. உடல்நலத் தகவல் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, பேப்பர்களில் உங்கள் பெயருக்குப் பதில் ஓர் எண்தான் போகும்.

மருந்தால் ஏதாவது ஆகிவிட்டால்?

இந்தப் பக்கத்தைத்தான் யாரும் படிப்பதில்லை. ஸ்பான்சர் காப்பீடு வைத்திருக்க வேண்டும். ஆய்வால் வந்த பாதிப்புக்குச் சிகிச்சைச் செலவை, யார் தவறு என்று நிரூபிக்காமலே, ஏற்றுக்கொள்வார்கள். சரி, சிகிச்சை தவிர? 2013இல் கேப் டவுன் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ஆய்வில் பாதிக்கப்பட்ட ஒருவர் இழந்த வருமானத்துக்கும் பட்ட வேதனைக்கும் நஷ்டஈடு கேட்டார். கிடைக்கவில்லை. அவர் கையெழுத்திட்ட தாளில் மருத்துவச் செலவு மட்டும் என்றிருந்தது.

அதனால் பேப்பரைப் பிரித்ததும் நான் முதலில் போவது காப்பீட்டுப் பக்கத்துக்கு. சிகிச்சைச் செலவு மட்டுமா, சம்பளம் போனால் தருவார்களா, எத்தனை காலம் வரை? ஆஸ்பத்திரி ஸ்பான்சர் என்றால் அது எந்தக் காப்பீட்டில் வருகிறது என்று பெயரைக் கேளுங்கள். கேட்டால் முகம் மாறுகிறதா என்றும் பாருங்கள்.

ராத்திரி மூச்சுத் திணறினால் திங்கட்கிழமை கிளினிக் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆய்வு அட்டை ஒன்று கொடுப்பார்கள், அதில் இருபத்திநான்கு மணி நேர எண் இருக்கும். ஐடி அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதை முதலில் காட்டுங்கள்.

பாதியில் விலகலாமா?

எந்த நாளும், காரணம் சொல்லாமலும். உங்கள் வழக்கமான சிகிச்சையில் கை வைக்கக் கூடாது. ஒன்று மட்டும்: மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டுப் போனை எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு கெடும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதுவரை சேர்ந்த தகவலை அவர்கள் பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள்.

குழந்தைகளைச் சேர்க்கலாமா? கர்ப்பிணிகள்?

பதினெட்டு வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதம் வேண்டும், புரியும் வயது என்றால் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பிள்ளை மாட்டேன் என்று அழுதால் அது பதில்தான். கர்ப்பிணிகளைப் பல மருந்து ஆய்வுகளில் சேர்க்க மாட்டார்கள், நடுவில் கர்ப்பமானால் அன்றைக்கே சொல்ல வேண்டும்.

டாக்டர் நல்லவர், இருபது வருடமாகப் பார்க்கிறார். அவரிடம் எப்படி வேண்டாம் என்று சொல்வது?

எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான், ஆனால் யாரும் நேராகக் கேட்டதில்லை. "அவர் மனசு நோகுமே" என்பார்கள், "அடுத்த தடவை மருந்து எழுத மாட்டாரோ" என்பார்கள். டாக்டருக்கு இது தினமும் நடப்பது. பத்துப் பேரிடம் கேட்டால் சிலர் மறுப்பார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் வருகிறார். காரணம் தேட வேண்டாம், கோயில் பூஜை, மகள் கல்யாணம் என்று பொய்யும் வேண்டாம். பேப்பரைத் திருப்பி மேசையில் வைத்துவிட்டு, "இதில் நான் சேரவில்லை, டாக்டர். என் சர்க்கரை மாத்திரையை எழுதிக் கொடுங்கள், பார்மசி மூடுவதற்குள் வாங்க வேண்டும்" என்று சொல்லுங்கள். நான் பார்த்தவரை எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.